கட்டமும் பூவும் ஒரே அறையில் சேருமா?

உங்கள் கூடத்தில் கோடு போட்ட ஜமக்காளம் விரித்திருக்கிறது. சோபாவுக்குப் பூப்போட்ட உறை தைக்கலாம் என்று ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறீர்கள். துணியைக் கையில் எடுத்ததும் சந்தேகம் வந்துவிடுகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் பூ வந்தால் கண்ணை உறுத்தாதா? வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கடைசியில் வெளிர் பழுப்பில் ஒரு வெறும் துணியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறீர்கள்.

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். எதையும் எதனோடும் சேர்த்தால் அழகு வந்துவிடாது. ஆனால் சேர்ப்பதற்கென்று ஒரு வழி இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் கடையிலும் அலமாரிக்கு முன்னாலும் கை தயங்காது.

கோடு, கட்டம், பூ, மாங்காய், புள்ளி எல்லாவற்றையும் ஒரே அறையிலோ ஒரே உடையிலோ கலந்து வைப்பதைப் பொஹீமியன் பாணி என்கிறார்கள். கடைகளில் ‘போஹோ’ என்று சுருக்கிச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் குறைந்த வாடகை அறைகளில் காலம் தள்ளிய ஓவியர்கள், எழுத்தாளர்களின் வாழ்க்கையிலிருந்து இந்தப் பெயர் பரவியது. ஆன்ரி முர்ழே அவர்களைப் பற்றி எழுதிய கதைகள் 1851-இல் நூலாக வந்தன. அதை வைத்துப் புச்சினி அமைத்த இசைநாடகம் 1896-இல் மேடையேறியது. வரலாறு இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது, அந்தப் பாணியில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள் வீட்டுக்குள் என்ன செய்தார்கள் என்பது.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள சார்ல்ஸ்டன் என்ற பண்ணை வீடு. எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அக்கா வனெஸா பெல்லும் டங்கன் கிரான்ட்டும் 1916-இல் அங்கே குடியேறினார்கள். இருவருமே ஓவியர்கள். அது முதல் உலகப் போர்க் காலம். போரில் சேர மறுத்த கிரான்ட்டுக்குப் பண்ணை வேலை செய்தாக வேண்டிய கட்டாயம். பண்ணைக்குப் பக்கத்தில் கிடைத்த வாடகை வீடு அது. அதில் கதவு, கணப்பு, அலமாரி, கட்டில் தலைப்பலகை என்று எதையும் விடாமல் வண்ணம் தீட்டினார்கள். இன்று அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய காட்சியகம்.

அந்த வீட்டின் சாப்பாட்டு அறைச் சுவர் கறுப்பு. அதன் மேல் அச்சுத்தகடு (வடிவத்தை வெட்டி எடுத்த அட்டை, அதன் வழியே சாயம் பூசினால் சுவரில் வடிவம் விழும்) வைத்துச் சாம்பல் நிறத்தில் கோணல் கோடுகள் போட்டிருக்கிறார்கள். இடையிடையே மஞ்சள். தோட்டத்தைப் பார்த்த அறையில் வனெஸா பெல் 1945-இல் சாம்பல் பின்னணியில் பெரிய மாங்காய் வடிவங்களை வரைந்து, கையாலேயே பூக்களையும் சேர்த்தார். காஷ்மீர் சால்வையில் நாம் பார்க்கும் அதே மாங்காய்தான். இந்தச் சுவர்களுக்கு முன்னால் அச்சிட்ட திரைகள், பூத்தையல் போட்ட இருக்கைகள், வண்ணம் தீட்டிய மேசை, மண்பாண்டங்கள்.

இவ்வளவு இருந்தும் அந்த அறைகள் ஏன் இரைச்சலாகத் தெரியவில்லை? இரண்டு காரணங்கள். சாம்பல் நிறம் திரும்பத் திரும்ப வருகிறது; மற்ற நிறங்களிலும் பளபளப்பு இல்லை, சுண்ணாம்பு கலந்ததுபோல அடங்கி நிற்கின்றன. அடுத்தது, பெரிய வடிவம் சுவரில், நடுத்தரம் திரையில், சின்னது இருக்கையில் என்று வடிவங்களின் அளவு மாறிக்கொண்டே போகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இதுதான். நிறத்தில் உறவு இருக்கட்டும், அளவில் வித்தியாசம் இருக்கட்டும். மற்றதெல்லாம் இதன் விளைவுகள்.

நிறத்தில் உறவு என்றால் எல்லாம் ஒரே நிறமா? இல்லை. அறையில் உள்ள ஒவ்வொரு டிசைனிலும் ஏதாவது ஒரு நிறம், கொஞ்சமாவது, பொதுவாக இருக்க வேண்டும். ஜமக்காளத்தில் பட்டையாக இருக்கும் சிவப்பு, குஷனில் பூவின் நடுவில் புள்ளியாக இருந்தால் போதும். கச்சேரியில் தம்புராவைப் போல அந்தப் பொது நிறம் பின்னால் ஒலித்துக்கொண்டிருக்கும். முன்னால் யார் என்ன பாடினாலும் சுருதி கலையாது.

அந்த நிறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? வண்ண அட்டையைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் வீட்டிலேயே உங்களுக்கு மிகப் பிடித்த பலவண்ணத் துணி ஒன்று இருக்கும். பழைய சேலை, போர்வை, பயணத்தில் வாங்கிய சால்வை, எதுவாகவும் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் அதை விரித்துப் போடுங்கள். அதில் எந்த மூன்று நான்கு நிறங்கள் இருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் துணியை நெய்தவரோ அச்சடித்தவரோ நிறப்பொருத்தத்தை ஏற்கெனவே யோசித்துவிட்டார். இனி நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றிலும் அந்தப் பட்டியலில் ஒன்றாவது இருந்தால் சேரும்.

சிவப்பு என்று எழுதிக்கொண்டால் எந்தச் சிவப்பும் சரியா? அங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. செங்கல் சிவப்பும் ரோஜா சிவப்பும் ஒன்றையொன்று அடிக்கும். முதலாவதில் மஞ்சள் சாயல், இரண்டாவதில் நீலச் சாயல். அதனால் கடைக்குப் போகும்போது அந்தத் துணியின் சின்னத் துண்டையோ, முடியாவிட்டால் அதே நிறத்து நூலையோ கையில் எடுத்துப் போங்கள். கைப்பேசிப் படத்தை நம்ப வேண்டாம். திரைக்குத் திரை நிறம் மாறும்.

இனி அளவுக்கு வருவோம். இரண்டு துணிகளிலும் பூக்கள் ஒரே அளவில் இருந்தால் எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவே அலைந்து சோர்ந்துபோகும். ‘கண்ணை உறுத்துகிறது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த அலைச்சலைத்தான். நிறத்தின் மேல் பழி போடுகிறோம், குற்றவாளி அளவு.

எனவே மூன்று அளவுகளில் யோசியுங்கள். விரித்த உள்ளங்கையைவிடப் பெரிய வடிவம் ஒன்று. ரூபாய் நாணயம் அளவில் ஒன்று. மிளகு அளவுப் புள்ளியோ மெல்லிய கோடோ ஒன்று. பெரியதை ஒரே ஒரு இடத்தில் வையுங்கள்: திரையோ, கட்டில் விரிப்போ, சுவரில் மாட்டும் துணியோ. நடுத்தரம் இரண்டு மூன்று இடங்களில் வரலாம். சின்னது எத்தனை இடத்தில் வந்தாலும் பாதகமில்லை.

ஏன் என்று கேட்டால், தைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். துணிகளை வைக்கப்போகும் இடத்தில் பரப்பிவிட்டு வாசற்படிக்குப் போய் நில்லுங்கள். பத்து அடி தூரத்தில் மிளகு அளவுப் புள்ளிகள் அடங்கி, ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். அதாவது, சின்ன டிசைன் தூரத்திலிருந்து வெறும் துணியின் வேலையைச் செய்கிறது. பக்கத்தில் உட்காரும்போதுதான் அது டிசைனாக மாறுகிறது. உங்கள் அறைக்கு இரண்டு முகங்கள் கிடைத்துவிடுகின்றன.

கோடும் கட்டமும் இதில் தனி இனம். பூவோடு பூ சண்டை போடும். பூவோடு கோடு சண்டை போடாது. ஒன்று வளைவு, ஒன்று நேர்கோடு. ஆகவே நீங்கள் வாங்க அஞ்சிய அந்தப் பூப்போட்ட உறை, ஜமக்காளத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் தாராளமாக நிற்கும், நிறம் ஒன்று பொதுவாக இருந்தால். இரண்டு பூ டிசைன்கள்தான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு கோட்டையோ கட்டத்தையோ உட்கார வையுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பரப்பிய துணிகளைக் கைப்பேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒளி அடர்வு (ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு கருமை என்பது) ஒரே மட்டத்தில் இருக்கிறது என்று பொருள். நேரில் நிறங்கள் எத்தனை இருந்தாலும் அந்த அறை மொத்தையாகத் தெரியும். ஒரு கருமையான துண்டையும் ஒரு வெளிர் துண்டையும் சேர்த்தால் அது தெளிந்துவிடும். கரும்பச்சை குஷன் ஒன்று, சுண்ணாம்பு வெள்ளையில் போர்வை ஒன்று, அவ்வளவுதான்.

இத்தனை டிசைன் இருந்தால் மனசுக்கு நிம்மதி இருக்குமா என்ற கேள்வி எழும். வியன்னாவில் கட்டடக் கலைஞராக இருந்து 1930-களில் ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்த யோசெஃப் ஃபிராங்க் இதற்கு நேர்மாறாக வாதிட்டார். ஸ்டாக்ஹோமில் ஸ்வென்ஸ்க்ட் டென் கடைக்காக அவர் வரைந்த பூ, கொடி, பறவைத் துணிகள் இன்றும் அச்சாகின்றன. வெறும் பரப்பைக் கண் ஒரு நொடியில் பார்த்து முடித்துவிடும், நல்ல டிசைனில் நிதானமாக உலாவும், அதனால் டிசைன்தான் அமைதி தருகிறது என்பது அவர் கட்சி. அவர் சொன்னது முக்கால்வாசி சரி என்பேன். மீதிக் காலுக்கு வெற்றிடம் வேண்டும்.

எவ்வளவு வெற்றிடம்? அலங்கரிப்பவர்கள் 60-30-10 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அறையில் அறுபது பங்கு ஒரு முக்கிய நிறம், முப்பது பங்கு துணை நிறம், பத்துப் பங்கு பளிச்சென்ற நிறம். அதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. அறைக்குள் நுழைந்ததும் உங்கள் கண் போய் நிற்க ஒரு காலிச் சுவரோ, வெறும் தரையோ, டிசைன் இல்லாத பெரிய மரச்சாமானோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். இருப்பதில் ஒன்றை எடுத்து உள்ளே வையுங்கள்.

இப்போது, டிசைனைப் பற்றி மட்டும் யோசிப்பவர்கள் விட்டுவிடும் விஷயத்துக்கு வருகிறேன். இழைநயம் (துணியையோ பொருளையோ தொட்டால் கைக்குத் தெரியும் சொரசொரப்பு, மென்மை, கனம்). பொஹீமியன் அறையை அழகாக்குவதில் டிசைனுக்குப் பாதிப் பங்கு என்றால், இதற்கும் பாதிப் பங்கு. என் கணிப்பில் பாதிக்கு மேலேயே இருக்கும்.

தொட்டால் தெரிவது கண்ணுக்கு எப்படித் தெரியும்? வெளிச்சத்தால். பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கதரும் சணலும் விழுங்கிக்கொள்ளும். ஒரே சிவப்பு பட்டில் ஒரு மாதிரி, முரட்டுப் பருத்தியில் இன்னொரு மாதிரி. ஆகவே ஒரே நிறத்திலேயே நான்கு வகை இழைநயத்தை அடுக்கினாலும் அறை செழிப்பாகிவிடும். டிசைனைக் கலக்கத் துணிவு வராதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். வங்காளத்தின் காந்தா போர்வை. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீளத்துக்கும் ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் எளிய தையல்) போடுவார்கள். ஒவ்வொரு தையலும் துணியை இம்மியளவு இழுக்கும். ஆயிரக்கணக்கான தையல் சேரும்போது துணி முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் எழுகின்றன. மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால் அந்தச் சுருக்கங்களுக்கு நிழல் கிடைக்கும். அச்சுப் பூ அந்த மேடு பள்ளத்தில் உடைந்து மென்மையாகிவிடும். மேலே இருப்பது எவ்வளவு பளிச்சென்ற சேலையாக இருந்தாலும் தையல் அதை அடக்கிவிடுகிறது.

நம் வீடுகளில் இதற்கான சாமான் ஏற்கெனவே இருக்கிறது. பவானி ஜமக்காளத்தின் முரட்டுப் பருத்தி, கோரைப்பாயின் மெல்லிய பளபளப்பு, பிரம்பு நாற்காலியின் பின்னல், பித்தளைச் சொம்பு, சுட்ட மண்பானை. வழவழப்பான டைல்ஸ் தரையும் லாமினேட் அலமாரியும் உள்ள அடுக்ககங்களில் எல்லாப் பரப்பும் ஒரே மாதிரி மின்னும். அங்கே சொரசொரப்புதான் முதலில் தேவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டைல்ஸின் மேல் ஜமக்காளம் வழுக்கும். வயதானவர்கள் நடமாடும் வீடென்றால் அடியில் ரப்பர் வலை விரிப்பு போட்டே ஆக வேண்டும்.

படங்களில் பார்க்கும் மொராக்கோ கம்பளி விரிப்பு நமக்குச் சரிவருமா? குளிர்ப்பிரதேசத்துக்கு அது அருமை. கடலோர ஊர்களில் மழைக்காலத்து ஈரத்தைக் கம்பளி உறிஞ்சிக்கொள்ளும். வாடை வரும், பூச்சியும் வரும். வாரம் ஒரு முறை உதறி வெயிலில் போட ஆள் இல்லையென்றால் வேண்டாம். துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பே மேல். தொங்கட்டான், குஞ்சம், நூல் பின்னல் போன்றவையும் தூசியை வாங்கிச் சேர்க்கும். சாலையை ஒட்டிய வீட்டிலும், ஆஸ்துமா உள்ளவர்களின் படுக்கையறையிலும் அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன அறையில் பெரிய டிசைன் போட்டால் அறை இன்னும் சுருங்கிவிடாதா? இது பரவலான பயம். சின்ன அறையைச் சுருக்குவது பெரிய டிசைன் அல்ல, துண்டு துண்டாகப் பல டிசைன்கள். பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஒரு பெரிய பூத்திரை கூரையிலிருந்து தரைவரை தொங்கினால் உயரம் கூடினாற்போல் இருக்கும். அதே அறையில் ஆறு குஷன், நான்கு விரிப்பு, சுவரெல்லாம் படம் என்றால் மூச்சு முட்டும்.

வாடகை வீடு, சுவரைத் தொடக்கூடாது என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது? துணிதான் வழி. புதிதாக வாங்கவும் வேண்டாம். ஒரு பழைய சேலை போதும். கணக்கைப் பாருங்கள். சேலை ஐந்தரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 45 அங்குல அகலம். ஏழடித் திரைக்கு மேல்மடிப்பும் கீழ்மடிப்பும் சேர்த்து 2.4 மீட்டர் ஒதுக்குங்கள். இரண்டு திரைக்கு 4.8 மீட்டர். நான்கடி அகலச் சன்னலுக்கு இரண்டு துண்டும் சேர்ந்து 90 அங்குலம். அழகாகச் சுருக்கம் விழ, கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு துணி வேண்டும், அது கிடைத்துவிடுகிறது.

சேலையின் நீளம் திரையின் உயரமாகிவிடுவதால், இரு கரைகளும் திரையின் இரு ஓரங்களில் மேலிருந்து கீழாக ஓடும். தனியாகப் பட்டி வைத்துத் தைத்தாற்போல் இருக்கும். மிச்சம் 70 சென்டிமீட்டர் முந்தானை. அதில் 16 அங்குலக் குஷன் இரண்டுக்கு முன்பக்கம் வரும். பின்பக்கத்துக்கு வெறும் துணி போடுங்கள். திரையில் இருக்கும் நிறமே குஷனிலும் வந்துவிடுகிறது. முதலில் சொன்ன பொது நிறம் செலவில்லாமல் கிடைத்தது.

திரைத்துணி வாங்குவதாக இருந்தால் கடையில் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பகலில் திரைக்குப் பின்னாலிருந்துதான் வெளிச்சம் வரும். மெல்லிய துணியில் வெளிர் நிறங்கள் காணாமல் போகும், கருமையான கோடுகள் மட்டும் நிற்கும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் வேறு முகம். மேற்குப் பார்த்த சன்னலென்றால் பின்னால் வெள்ளைத் துணி வைத்துத் தைப்பது நல்லது. இல்லையென்றால் ஓரிரு கோடையிலேயே சாயம் வெளிறும்.

உடைக்கு வருவோம். அங்கேயும் இதே இரண்டு விதிகள்தானா? ஆமாம். ஆனால் உடை நடக்கும், உட்காரும், மடியும். அதனால் சில மாற்றங்கள் உண்டு.

1960-களின் லண்டனில் செலியா பர்ட்வெல் துணிக்கு டிசைன் வரைந்தார், ஆசி கிளார்க் அதை வெட்டித் தைத்தார். ஒரே கவுனில் இரண்டு மூன்று அச்சுகளைக் கலப்பது அவர்கள் வழக்கம். உடம்பில் ஒன்று, கையில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. அவை உறுத்தாததற்குக் காரணம், அத்தனையையும் ஒருவரே வரைந்ததால் நிறமும் கோட்டின் போக்கும் ஒரே குடும்பமாக இருந்தன. நீங்கள் தனித்தனியாக வாங்கும்போது அந்தக் குடும்ப உறவை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

சேலை கட்டுபவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. செட்டிநாட்டுக் கண்டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை. கடுகு மஞ்சளும் அரக்கும் கறுப்பும் கலந்த கண்டாங்கிக்கு, அரக்கு நிறத்தில் மிளகு அளவுப் பூ அச்சிட்ட மெல்லிய ரவிக்கையைப் போட்டுப் பாருங்கள். நிறம் பொது, அளவு வேறு, இழைநயமும் வேறு. மதுரைச் சுங்குடியின் புள்ளிக்கு மெல்லிய கோடு போட்ட ரவிக்கை அப்படியே பொருந்தும். துணிவு குறைந்தவர்கள் ரவிக்கையில் தொடங்கலாம். பிடிக்காவிட்டால் நட்டம் ஒரு மீட்டர் துணிதான்.

பெரிய பூப்போட்ட சேலை குள்ளமானவர்களுக்கு ஒத்துவராது என்பார்கள். ஆனால் கொசுவத்தில் பெரிய பூ பாதி பாதியாக உடைந்து மடிப்புக்குள் போய்விடும். அங்கே அதன் அளவே தெரியாது. முழுசாகத் தெரிவது முந்தானையிலும் மார்புப் பக்கத்திலும்தான். ஆகவே கடையில் சேலையை விரித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் தோளில் போட்டு, ஐந்தாறு மடிப்பு வைத்துப் பாருங்கள். பெரிய டிசைன் எங்கே விழுகிறதோ அங்கேதான் பார்ப்பவர் கண் போகும். உடம்பில் எந்த இடத்துக்குக் கண் போக வேண்டாம் என்று நினைக்கிறீர்களோ அங்கே சின்ன டிசைனையோ வெறும் நிறத்தையோ வையுங்கள்.

சுடிதாரில் மூன்று துண்டுகள் இருப்பதால் கணக்கு இன்னும் எளிது. மேல்சட்டையில் அச்சு, கால்சட்டையில் இக்கத் (நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமேற்றி, நெய்யும்போது வடிவம் தோன்றச் செய்யும் முறை), துப்பட்டா வெறும் நிறம். துப்பட்டாவிலும் டிசைன் வேண்டுமென்றால் கோடாக இருக்கட்டும். ஆண்களுக்கு, கைத்தறிக் கட்டச் சட்டையின் மேல் அஜ்ரக் என்ற மர அச்சில் கையில்லாத மேல்கோட்டு நன்றாக அமையும். அஜ்ரக்கின் அவுரி நீலம் எந்தக் கட்டத்தோடும் அநேகமாக ஒத்துப்போகும். அலுவலகத்துக்கு என்றால் ஒரே ஒரு துண்டில் டிசைன் வைத்து, கலவையைப் பையிலோ கழுத்துத் துணியிலோ காட்டுங்கள்.

வயதானவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று தயங்குபவர்கள் ஐரிஸ் அப்ஃபெலை நினைத்துக்கொள்ளலாம். 1921-இல் பிறந்த அவர் நியூயார்க்கில் கணவரோடு சேர்ந்து துணித் தொழில் நடத்தியவர். அவருடைய உடைகளையும் அணிகலன்களையும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2005-இல் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சந்தையில் வாங்கிய வளையலையும் விலையுயர்ந்த மேலங்கியையும் சேர்த்தே அணிந்தவர். 2024-இல், 102 வயதில் இறக்கும்வரை அதை விடவில்லை.

நகையில் மட்டும் கை அடக்கம் வேண்டும். துணியில் மூன்று டிசைன் இருந்தால் உலோகம் ஒரே நிறமாக இருக்கட்டும். கறுத்த வெள்ளியோடு தங்கத்தைக் கலந்தால் அதுவரை கட்டிக்காத்த ஒழுங்கு குலைந்துவிடும்.

துணி வாங்கும்போது கையால் செய்ததா, அதன் நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பிப் பாருங்கள். உண்மையான இக்கத்தில் நூலிலேயே சாயம் இருப்பதால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். வடிவத்தின் ஓரம் சற்றுக் கலங்கித் தெரியும். அச்சடித்த நகலில் பின்பக்கம் வெளிறியிருக்கும். மர அச்சுத் துணியில், ஓர் அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மயிரிழை விலகலாவது இருக்கும். அந்த விலகலைக் குறை என்று நினைத்துப் பேரம் பேசாதீர்கள். இழைக்கு இழை ஒன்றுபோல் இருக்கும் இயந்திர அச்சுகள் நான்கை அடுக்கினால் அறை கடைக் காட்சிப் பெட்டியாகிவிடும். கைவேலையின் சின்னச் சின்னப் பிசகுகள்தான் வெவ்வேறு ஊர்த் துணிகளை ஒன்றோடொன்று பழக வைக்கின்றன.

இந்தத் துணிகள் பொஹீமியன் அறைகளுக்குள் வந்ததற்குப் பின்னால் நம் கரையின் கதையும் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்த, அச்சிட்ட பருத்திகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வீடுகளை நிறைத்தன. அங்குள்ள நெசவாளர்கள் எதிர்த்ததால் பிரான்ஸ் 1686-இல் அவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்தும் பின்னர் சட்டம் போட்டது. ஆகவே அந்நிய ஊரின் பாணியை நகல் எடுக்கிறோமோ என்ற கூச்சம் உங்களுக்கு வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரியில் இராமாயண, பாகவதக் காட்சிகளைப் பேனாவால் வரைகிறார்கள். அவை கோயிலில் தொங்கவிடுவதற்காக உருவான துணிகள். சுவரில் மாட்டுங்கள், மரியாதையாக இருக்கும். குஷனாக்கிச் சாய்வதும், தரையில் விரிப்பதும், சுடிதாரின் கால்பகுதியில் வருவதும் வீட்டில் மனவருத்தத்தை உண்டாக்கும். உட்காரும் இடத்துக்கு மசூலிப்பட்டினத்து அச்சுக் கலம்காரியில் மரம், கொடி, பூ இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாகச் சாயம். பல ஊர்த் துணிகளைக் கலந்து வைக்கும் வீட்டில் பெரிய அபாயம் இதுதான். வெள்ளைத் துணியை நனைத்து, புதுத்துணியின் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் முதல் இரண்டு மூன்று முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்துங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயமேற்றி முடிந்த துணியில் அது பெரிதாக உதவாது. மிகுதிச் சாயம் கழுவித்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் இங்கிருந்து அமெரிக்கா போன மெட்ராஸ் கட்டத் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்தது. அதையே சிறப்பு என்று சொல்லி 1950, 60-களில் விற்றார்கள். சட்டைக்கு அது அழகு. காந்தா போர்வையின் வெள்ளைப் பகுதியில் அவுரி ஏறினால் இறங்காது.

தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாத் துணியையும் ஒரு முறை நனைத்து உலர்த்திவிடுங்கள். புதுப் பருத்தி மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். நனைக்காமல் தைத்த உறை முதல் துவையலுக்குப் பிறகு குஷனுக்குள் ஏறாது. இரண்டு டிசைன்களை இணைத்து ஒரே உறையாகத் தைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும், தையல் முழுக்க இழுத்துப் பிடிக்கும். தையல்காரரிடம் ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உறையை அடிக்கடி கழற்ற முடிந்தால்தான் துவைக்கவும் முடியும், பருவத்துக்கு ஒரு கலவையாக மாற்றிப் பார்க்கவும் முடியும்.